கணக்கில் வந்த ஐந்து வருடம்

காலை ஷிஃப்ட் கிழமைகளில் நான் வீட்டை விட்டு இறங்கும்போது மணி 4.10. தெருவில் ஈ காக்கா இராது. எதிர்வீட்டுக் குசினியில் மட்டும் விளக்கு எரியும். ஜன்னலடியில் கோப்பிக் கோப்பையோடு ஒரு கிழவர் நிற்பார். அவர் வேலைக்குப் போவதை நிறுத்தி 22 வருடமாகிறது. இருந்தும் மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடும். என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அவரை "ஓப்பா" என்று கூப்பிட்டார்கள். ஜேர்மன் வீடுகளில் தாத்தாவுக்கு அதுதான் பெயர். என்னைவிட 11 வயதுதான் மூத்தவர் என்றாலும் எனக்கும் அவர் ஓப்பாவாகவே ஆகிவிட்டார்.

ஓப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 2003இல், சரியாக 50 வயதில், வேலையை விட்டு வந்தார். நான் 1964இல் பிறந்தவன். இந்த நாட்டுச் சட்டப்படி 67 வயது வரை உழைத்தால்தான் எனக்கு முழு ஓய்வூதியம். இரண்டுக்கும் நடுவில் 17 வருடம். இந்த 17 என் தொண்டையில் மீன்முள் மாதிரி வெகுகாலம் சிக்கிக் கிடந்தது. விழுங்கவும் முடியவில்லை, வெளியே எடுக்கவும் முடியவில்லை. வெளியே சொன்னால் பொறாமை என்பார்கள். பொறாமைதான், மறுக்கவில்லை. ஆனால் பொறாமைக்குள்ளும் சில வேளை ஒரு நியாயமான கேள்வி இருக்கும். ஒரு தொழில் சாகும்போது அந்தத் தொழிலாளிகளை அரசு எப்படிக் கவனிக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கேள்வி. யார் யாரை அந்தத் தொழிலாளிகள் என்று எண்ணுவது என்பது அதற்குள்ளேயே ஒளிந்திருந்த இன்னொரு கேள்வி. இது எனக்குப் பிடிபட வெகுநாள் எடுத்தது.

சுருங்குவதற்கென்றே தொடங்கிய நிறுவனம்

ஓப்பா 1968இல், 15 வயதில், பயிலுநராகச் சுரங்கத்தில் சேர்ந்தார். அதே வருடம் நவம்பரில்தான் மேற்கு ஜேர்மனியின் கரி வட்டாரமான ரூர் பகுதியின் சுரங்கங்களில் பெரும்பாலானவற்றை ஒன்றாகக் கட்டி 'ரூர்கோலே' என்ற ஒரே நிறுவனமாக ஆக்கினார்கள். வளர்வதற்காக இணைந்த நிறுவனம் இல்லை அது. ஒழுங்காகச் சுருங்குவதற்காக இணைந்தது. 1957இல் மேற்கு ஜேர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 6 லட்சம் பேர் வேலை செய்தார்கள். அடுத்த வருடமே மலிவான எண்ணெயும் அமெரிக்க நிலக்கரியும் வந்து இறங்க, தோண்டிய கரி விற்காமல் மலையாய்க் குவிந்தது. வேலையாட்களுக்குச் சம்பளமில்லாத 'விடுமுறை' நாட்கள் வரத் தொடங்கின. 1959 செப்டம்பரில் 60,000 பேர் தலைநகர் பொன்னில் வாய் திறக்காமல் நடந்தார்கள். அந்த ஊர்வலத்தில் ஓப்பாவின் தகப்பனும் போயிருக்கிறார். போய் வந்தவர்தான் ஒன்பது வருடம் கழித்து மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், தான் வேலை செய்த அதே சுரங்கக் கிடங்கில் விட்டவர். "கரி இருக்கிறவரை சோறு இருக்கும்" என்று அவர் நம்பினாராம். கரி இன்றைக்கும் இருக்கிறது. நிலத்துக்குக் கீழே ஆயிரம் மீட்டருக்கும் அப்பால், எடுத்தால் நட்டம் என்ற விலையில்.

ஓப்பா மூன்று சுரங்கங்களில் வேலை செய்தார். முதலாவதை மூடினார்கள், பேருந்தில் ஏற்றி இரண்டாவதற்கு அனுப்பினார்கள். அதையும் மூடினார்கள், இன்னும் வடக்கே மூன்றாவதற்கு. ஒவ்வொரு தடவையும் வீட்டிலிருந்து தூரம் கூடியது, எழும்புகிற நேரம் முந்தியது. மூன்றரை மணி விழிப்பு அந்த மூன்றாவது சுரங்கம் கொடுத்த சீதனம். நாங்கள் இந்தத் தெருவுக்கு 1998இல் குடிவந்தபோது அவரை முதன்முதலில் பார்த்தது நினைவிருக்கிறது. வாட்டசாட்டமான வெள்ளைக்கார மனிதர், கண்ணுக்கு மை போட்டிருக்கிறார்! என் மனைவி என்னைத் தட்டிக் காட்டினாள். பிறகுதான் தெரிந்தது, எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் இமையின் அடியில் கரித்தூள் தங்கிவிடும் என்று. எங்கள் பக்கம் குழந்தைக்குக் கண்ணூறு படாமல் இடுகிற மை மாதிரியே இருக்கும்.

அவர் வீட்டுக் கராஜில் ஒரு கொளுக்கி தொங்குகிறது. சுரங்கத்தில் உடுப்பு மாற்றும் கூடத்தில் அலுமாரி கிடையாதாம். ஆளுக்கொரு கொளுக்கியும் சங்கிலியும். வீட்டு உடுப்பைக் கொளுக்கியில் மாட்டிச் சங்கிலியை இழுத்தால் அது கூரைக்குப் போய்விடும். கூரையில் நூற்றுக்கணக்கான உடுப்புகள் ஆளில்லாமல் தொங்கும். கீழே இறங்கியவன் மேலே வந்தானா இல்லையா என்பதை அண்ணாந்து பார்த்தே சொல்லலாம். மூன்றாவது சுரங்கத்திலிருந்து கிளம்பிய அன்று தன் கொளுக்கியைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்துவிட்டார். அதோடு தன் எண் பொறித்த பித்தளை வில்லையையும். களவுதான் என்று சிரித்தார். அந்த வில்லையை ஒருமுறை என் உள்ளங்கையில் வைத்தார். 35 வருடம் விரல் பட்டுப் பட்டு, எண்ணின் கடைசி இலக்கம் பாதி அழிந்திருந்தது.

ஆட்குறைப்பு எப்படி நடந்தது என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. ரூர் பகுதியில் ஒரு வாக்கு இருந்தது. சுரங்கத் தொழிலாளி எவனும் வெறுநிலத்தில் விழமாட்டான் என்பது அந்த வாக்கு. அதைக் காப்பாற்ற அரசும் நிறுவனமும் தொழிற்சங்கமும் சேர்ந்து ஒரு சங்கீதக் கதிரை விளையாட்டை நடத்தின. சுற்றுக்குச் சுற்று கதிரைகள் குறையும். ஆனால் கதிரையை இழுக்கும்போது யாரும் குப்புற விழமாட்டார்கள். வயதானவரை மரியாதையாக எழுப்பிப் பக்கத்தில் ஒரு சோபாவில் இருத்திவிடுவார்கள். அவர் எழும்பிய இடத்துக்கு, மூடிய சுரங்கத்திலிருந்து வரும் இளையவர் போவார். சோபாவின் பெயர் 'அன்பாசுங்ஸ்கெல்ட்'. நேரே தமிழில் சொன்னால், பொருந்திக்கொள்வதற்கான காசு. எதோடு பொருந்த வேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஓப்பாவின் காலத்தில் நிலத்துக்குக் கீழே வேலை செய்தவருக்கு 50 வயதிலும், மேலே வேலை செய்தவருக்கு 57 வயதிலும் அது கிடைத்தது. ஐந்து வருடம் அரசு அந்தக் காசைக் கொடுக்கும். பிறகு, 25 வருடம் கீழே இறங்கியவருக்கு 55 வயதில் சுரங்கத் தொழிலாளர் காப்புறுதி ஒரு தொகை கொடுக்கத் தொடங்கும். 60 வயதளவில் ஓய்வூதியம். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கால் வழுக்காமல் இறங்கலாம்.

நான் சும்மா இருந்த வருடங்கள்

1985இன் கடைசியில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தேன். அன்றைக்கு எங்கள் பெடியள் எல்லோரும் செய்ததுதான், வந்து இறங்கி, அகதி என்று கைதூக்குவது. அரசு என்னை ரூர் பகுதியின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பியது. ஒரு அறைக்கு ஆறு பேர். ஊர் எல்லையைத் தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும். வேலை செய்யக் கூடாது. 1987இல் அகதி விண்ணப்பக்காரருக்கான வேலைத் தடையை ஐந்து வருடமாக நீட்டினார்கள். எனக்கு 40 மாதத்தில் விடுதலை கிடைத்தது, அதிர்ஷ்டக்காரன் என்றார்கள். அந்த 40 மாதமும் சும்மா இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. நகரசபைப் பூங்காவில் இலை கூட்டினேன், மணித்தியாலத்துக்கு இரண்டு மார்க். அது வேலைக் கணக்கில் சேராது, 'சமூகத்துக்குப் பயனுள்ள செயல்' என்ற கணக்கில் சேரும்.

விடுதியின் ஜன்னலால் பார்த்தால் ஒரு சுரங்கத்தின் தூக்குக் கோபுரம் தெரியும். மேலே பெரிய சக்கரம், நாள் முழுக்கச் சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். அது சுற்றும்போது கூண்டில் ஆட்கள் இறங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, ஏதோ இயந்திரம் என்று நினைத்தேன். பிற்பகல் இரண்டு மணிக்குத் தெருவில் ஈரத்தலையோடு ஆண்கள் கூட்டமாகப் போவார்கள். எங்களைப் பார்த்தால் சிலர் ஏதாவது சொல்வார்கள். எங்கள் வேலையைப் பறிக்க வந்தவர்கள், எங்கள் காசில் சும்மா இருந்து சாப்பிடுகிறவர்கள் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். எது என்று அவர்களும் தீர்மானிக்கவில்லை.

பிறகு வேலை கிடைத்தது. முதலில் உணவகத்தில் கோப்பை கழுவினேன், அப்புறம் பிளாஸ்டிக் உதிரிப்பாகம் வார்க்கும் ஒரு தொழிற்சாலை. கலியாணம், பிள்ளைகள். 1997 பெப்ரவரி 14ஆம் தேதி சுரங்கங்களுக்காக ரூர் முழுக்க மனிதச் சங்கிலி பிடித்தார்கள். மேற்கே நொய்கிர்ஹன்-ஃப்ளூயின் முதல் கிழக்கே லூனன் வரை 93 கிலோமீட்டர், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சனம். ஷிஃப்ட் முடிந்து வந்த நானும் போய் நின்றேன். ஒரு பக்கம் ஒரு துருக்கிப் பெண்ணின் கை, மறுபக்கம் பள்ளிக்கூடப் பையன் ஒருவனின் கை. குளிர். ஏன் நின்றேன் என்று இன்றைக்குக் கேட்டால், கூப்பிட்டார்கள், நின்றேன் என்றுதான் சொல்வேன். இந்த ஊரில் எனக்கும் ஒரு இடம் என்று அன்றைக்கு முதல் முறையாகத் தோன்றியது. அடுத்த மாதம் தொழிலாளர் பொன் நகரை முற்றுகையிட, பிரதமர் ஹெல்முட் கோலின் அரசு இறங்கிவந்து ஒரு சமரசம் செய்தது. மானியம் 2005க்குள் ஆண்டுக்கு 5.5 பில்லியன் மார்க்காகக் குறையும், ஆட்கள் 85,000இலிருந்து 36,000 ஆவார்கள், ஆனால் ஒருவரையும் நிறுத்துவதில்லை. அந்த 36,000க்குள் சேராமல் சோபாவுக்குப் போன பல்லாயிரம் பேரில் ஒருவர்தான் ஓப்பா.

அப்புறம் வந்தது 2004. எங்கள் தொழிற்சாலையை மூடினார்கள். 180 பேர் வேலை செய்த இடம். ஊர்வலம் இல்லை, மனிதச் சங்கிலி இல்லை, பிரதமர் வரவில்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. எனக்கு 40 வயது. வேலையில்லாப் பணம் 12 மாதம் வரும். அது முடிந்தால், 2005 ஜனவரியில் தொடங்கிய ஹார்ட்ஸ் சட்டத்தின்படி தனியாளுக்கு மாதம் 345 யூரோ, வீட்டு வாடகை தனி. அதற்கும் சேமிப்பைக் காட்டு, கார் என்ன விலை, மனைவி எவ்வளவு உழைக்கிறாள் என்று கந்தோரில் விசாரணை. நான் ஒன்பதாவது மாதத்தில் ஒரு ஆள்வழங்கும் கொம்பனி மூலம் பாதிச் சம்பளத்துக்கு ஒரு வேலை பிடித்தேன். அந்த ஒன்பது மாதமும் ஜன்னலால் ஓப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புறாக்கூட்டுக்கு வர்ணம் அடிப்பார், தக்காளிக்குக் கம்பு நடுவார். அதே அரசு, அதே வருடம், ஒரே தெரு. இவருடைய தொழில் செத்தபோது அழுதவர்கள் என்னுடையது செத்தபோது எங்கே போனார்கள்?

காரணங்கள் தெரியாமல் இல்லை. 1951 முதல் சுரங்கத்திலும் உருக்கிலும் நிறுவனத்தின் மேற்பார்வைச் சபையில் பாதி இடம் தொழிலாளர் பக்கத்துக்குச் சட்டப்படி கொடுத்திருக்கிறார்கள். முதலாளி மட்டும் உட்கார்ந்து ஒரு கிடங்கை மூட முடியாது. போரில் இடிந்த நாட்டைக் கரிதான் சூடாக்கியது என்ற நன்றியும் இருந்தது. தேர்தல் வாக்குகளும் இருந்தன. பிளாஸ்டிக் மூடி வார்த்த 180 பேருக்கு இதில் ஒன்றும் இல்லை. சுரங்கத்துக்குள்ளேயேகூட எல்லோருக்கும் ஒரே சோபா இல்லை. 1983இல் வேறொரு சட்டம் வந்தது. தொழிலிடம் மூடியோ வேலை நேரம் குறைந்தோ பாதிக்கப்பட்ட துருக்கியர் போன்ற வெளிநாட்டுத் தொழிலாளர் நாட்டுக்கே திரும்பிப் போனால் 10,500 மார்க், பிள்ளைக்கு 1,500 மார்க் வீதம் மேலதிகமாக. ஓப்பாவோடு எட்டு வருடம் ஒரே குழுவில் வேலை செய்த துருக்கிக்காரர் ஒருவர் அதை வாங்கிக்கொண்டு மூன்று பிள்ளைகளோடு போய்விட்டார். கணக்குப் போட்டால் 15,000 மார்க். வேலையில்லாதோர் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுக்க அந்த விலை போதும் என்று யாரோ ஒரு மேசையில் தீர்மானித்திருக்கிறார்.

இதற்குள் இங்கிலாந்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் முறைப்பாட்டை முதலில் ஆட்டியது அதுதான். என் சித்தப்பாவின் மகன் டொன்காஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு பழைய சுரங்கக் கிராமத்தில் கடை வைத்திருந்தான். ஒரு தடவை நான் போய் இரண்டு கிழமை நின்றேன். காலை பத்து மணிக்கு 45, 50 வயது ஆண்கள் வந்து ஒரு சிகரெட் பெட்டியும் பத்திரிகையும் வாங்கிக்கொண்டு போவார்கள். இவர்களுக்கு வேலை இல்லையா என்று கேட்டேன். "எல்லாரும் சுகமில்லை எண்டு பதிஞ்சு இருக்கினம் அண்ணை" என்றான். 1984-85 வேலைநிறுத்தம் தோற்ற பிறகு அங்கே கிடங்குகளை ஒன்றன்பின் ஒன்றாக மூடினார்கள். 1992 அக்டோபரில் ஒரே அறிவிப்பில் 31 சுரங்கம், 30,000 வேலை. கையில் ஒரு தொகையைக் கொடுத்து வாசலைக் காட்டினார்கள். வேலையே இல்லாத ஊரில் வேலை தேடுகிறவர் என்று பதிவதைவிட நோயாளி என்று பதிவது லேசு, அரசின் புள்ளிவிவரத்துக்கும் அது வசதி. வேலையின்மை குறைந்தது, நோயாளிகள் கூடினார்கள். திரும்பி வந்த அன்று ஓப்பா தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது முதல் முறையாக எனக்கு ஆத்திரம் வரவில்லை.

குசினி மேசையில் இரண்டு தாள்கள்

2022 குளிர்காலத்தில் ஓய்வூதியக் காப்புறுதியிலிருந்து எனக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்தது. என் வேலை வரலாறு முழுவதும், மாதம் மாதமாக. சில காலத்துக்கு விபரம் இல்லையாம், நிரப்பி அனுப்பட்டாம். 37 வருடம் இந்த நாட்டில் இருந்தும் கந்தோர் ஜேர்மன் எனக்கு இன்னும் கடிக்க முடியாத முறுக்கு. ஓப்பா சுரங்கத்தில் தொழிலாளர் சபையில் இருந்தவர், இப்படியான படிவங்களில் கெட்டிக்காரர். கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் விரலால் வரிவரியாக வந்தார். 1985 டிசம்பரில் விரல் நின்றது. அடுத்த வரி 1989 ஏப்ரல்.

"இங்கே என்ன, வருத்தமாய்க் கிடந்தாயா?"

"இல்லை."

"சிறையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வேலை செய்யக் கூடாது என்று தடை."

"யார் தடுத்தது?"

"உங்கள் அரசு."

அவர் படிவத்தைத் திருப்பினார். விடுபட்ட காலத்தில் என்ன செய்தீர்கள் என்பதற்குப் பெட்டிகள் இருந்தன. பள்ளிப் படிப்பா, நோயா, கந்தோரில் பதிந்த வேலையின்மையா, பிள்ளை வளர்ப்பா. அரசே தடுத்ததா என்றொரு பெட்டி இல்லை. அவர் முன்பக்கம் பின்பக்கம் இரண்டு தரம் தேடினார். பிறகு எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து தன்னுடைய பழைய தாளை எடுத்து வந்து என்னுடையதற்குப் பக்கத்தில் விரித்தார். எனக்கு வழி காட்டத்தான் எடுத்து வந்தார், வேறு நோக்கம் இல்லை. ஆனால் இரண்டு பேருமே அதை ஒரே நேரத்தில் கண்டுவிட்டோம். அவருடைய தாளில் 2003 முதல் 2008 வரை ஐந்து வருடம். வேலை செய்யவில்லை, சந்தா கட்டவில்லை. ஆனாலும் அந்த வரி இருக்கிறது. பொருந்திக்கொள்ளும் காசு வாங்கிய காலம் ஓய்வூதியத்துக்குக் கணக்கிடப்படும் என்று சட்டமே சொல்கிறது. என் தாளில் அந்த இடம் வெறுமை. அரசு சொல்லி வீட்டில் இருந்த இரண்டு ஆண்கள். ஒருவருடைய இருப்பைக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள், மற்றவருடையதை எழுதவில்லை.

நான் இத்தனை வருடம் பொருமியது காசைப் பற்றி என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மேசையில்தான் தெரிந்தது, காசில்லை. ஓப்பாவுக்கு அரசு சொன்னது: நீ உழைத்தவன், இனி உனக்கு வேலை தர எங்களால் முடியாது, அது உன் பிழை இல்லை, இந்த ஐந்து வருடத்தையும் நீ உழைத்த மாதிரியே எழுதிக்கொள்கிறோம். எனக்கு அப்படி ஒருவரும் சொல்லவில்லை.

ஓப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "உன்னைக் கூண்டிலேயே ஏற்றவில்லையே" என்றார்.

அன்று மாலைதான் அந்த ஐந்து வருடத்தைப் பற்றி அவர் கதைத்தார். கிடங்கின் அறிவிப்புப் பலகையில் பிறந்த வருடங்களை ஒட்டுவார்களாம். இந்த வருடம் 1952ஆம் ஆண்டுக்காரர், அடுத்த வருடம் 1953. பெயர் தேவையில்லை, வருடம் போதும். வீட்டுக்கு வந்த முதல் திங்கட்கிழமை மூன்றரைக்கு எழும்பி, பாண் வெட்டி, டப்பாவில் வைத்து மூடிய பிறகுதான் போக இடமில்லை என்பது நினைவு வந்ததாம். குசினியில் நின்றபடியே அதைத் தின்றாராம். ஒரு மாதத்துக்கு மேல் இப்படி. மனைவி பார்த்தும் பாராத மாதிரி இருந்தாராம். அவரோடு சோபாவுக்குப் போனவர்களில் நாலு பேர் நுரையீரல் தூசு நோயில் 60ஐக் காணாமலே போய்விட்டார்கள்.

"என்னை மரியாதையாகத்தான் எழுப்பினார்கள், அதில் குறை சொல்லமாட்டேன்" என்றார். "ஆனால் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார்களே, அதை யார் பார்த்தது?"

நான் பார்த்தேன். என் மகனுக்கு 16 வயதானபோது, 2010இல், மெக்கட்ரோனிக்ஸ் படிக்க வேண்டும் என்று நின்றான். பத்து வருடம் முன்னால் என்றால் எங்கள் பக்கத்துப் பெடியள் கண்ணை மூடிக்கொண்டு போகிற இடம் சுரங்கத்தின் பயிற்சிப் பட்டறைதான். கரி வெட்டப் போகாதவனும் அங்கே மின்சாரம், உருக்கு வேலை, இயந்திரம் என்று பழகி வெளியே போய்ப் பிழைப்பான். அந்தக் கதவு ஏறக்குறைய அடைந்துவிட்டிருந்தது. 41 விண்ணப்பம் எழுதினோம். கடைசியில் ஸ்டுட்கார்ட் பக்கம் இடம் கிடைத்துப் போனவன், அங்கேயே கலியாணம் கட்டித் தங்கிவிட்டான். ஒருவரையும் நிறுத்தவில்லை என்ற வாக்கு பொய் இல்லை. ஆனால் சேராமல் போனவனுக்குப் புள்ளிவிவரத்தில் பெயர் கிடையாது. பழைய சுரங்க நகரான கெல்சன்கிர்ஹனில் வேலையின்மை இன்றைக்கும் 14, 15 சதவீதம். ஜேர்மனியிலேயே மோசமான ஊர்களில் ஒன்று. அங்கே வேலையில்லாமல் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு நாளும் கூண்டில் இறங்காதவர்கள்.

புது வேலை கொண்டுவர அரசு முயலவில்லை என்று சொன்னால் பாவம். முயன்றது, கோணல்மாணலாக. ஆரம்பத்தில் சுரங்க முதலாளிகளே தங்கள் காணிகளை வேறு தொழிலுக்கு விற்க மறுத்தார்கள், ஆட்கள் அங்கே ஓடிவிடுவார்கள் என்ற பயம். 1980இல்தான் மாநில அரசு ஒரு காணி நிதியம் வைத்து அந்த நிலங்களை வாங்கித் துப்புரவாக்கத் தொடங்கியது. போஹுமில் ஒரு பழைய கிடங்கின் மேலேயே 1962இல் ஓப்பல் கார்த் தொழிற்சாலை வந்தது. 2014 டிசம்பரில் அதையும் மூடினார்கள். நோக்கியா மானியம் வாங்கி அதே ஊரில் கைபேசி செய்தது, 2008இல் ருமேனியாவுக்குப் போனது. ஒரு பெரிய கொம்பனி போனால் இன்னொரு பெரிய கொம்பனியைப் பிடித்து வந்து அதே குழியில் வைக்கலாம் என்ற நினைப்புத்தான் இதிலெல்லாம் பிழை என்று எனக்குப் படுகிறது. நிலைத்தது வேறொன்று. இத்தனை லட்சம் சனம் வாழ்ந்த ரூர் பகுதியில் 1965 வரை ஒரு பல்கலைக்கழகம் கிடையாது. அந்த வருடம் போஹுமில் பாடங்கள் தொடங்கின, மூன்று வருடத்தில் டோர்ட்முண்ட். எந்தச் சுரங்கத் தொழிலாளியும் பல்கலைக்கழகம் கேட்டு ஊர்வலம் போகவில்லை. ஆனால் என் மகள் போஹுமில்தான் படித்தாள். தினமும் ரயிலில் போய் இரவு வீட்டுக்கு வந்து என் கையால் புட்டு சாப்பிட்டாள். ஓப்பாவின் பேத்தியும் அங்கேதான்.

2018 டிசம்பர் 21ஆம் தேதி பொட்ரொப்பில் கடைசிச் சுரங்கத்தை மூடியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஜனாதிபதி ஷ்டைன்மையரின் கையில் கடைசிக் கரிக்கட்டியைக் கொடுத்தார்கள். சுரங்கத்தாரின் பாட்டு பாடினார்கள். ஓப்பா பாதியில் எழும்பிப் புறாவுக்குத் தீனி போடப் போய்விட்டார். பம்புகள் மட்டும் நிற்கவில்லை. நூறு வருடத்துக்கும் மேல் தோண்டியதில் நிலம் பல மீட்டர் தாழ்ந்துவிட்டது. பம்பை நிறுத்தினால் ஊர்கள் ஏரியாகிவிடும். அதற்கென்று ஒரு அறக்கட்டளையே 2007இல் வைத்திருக்கிறார்கள், அதன் காகிதங்களில் அந்தச் செலவுக்குப் பெயர் 'நித்தியச் செலவு'. தண்ணீருக்கு நித்தியம், மனிதருக்கு ஐந்து வருடம் என்பார் ஓப்பா.

இப்போது கிழக்கே பழுப்பு நிலக்கரிக்கும் 2038 என்று நாள் குறித்திருக்கிறார்கள். நாட்டின் நிலக்கரிப் பகுதிகளுக்கெல்லாம் சேர்த்து 40 பில்லியன் யூரோ வரை, 58 வயது தாண்டியவர்களுக்கு அதே பொருந்திக்கொள்ளும் காசு. பேர்லின் சுவர் விழுந்த பிறகு அங்கே ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை இப்படியொரு சோபா இல்லாமல் வெளியே விட்டதை அந்தச் சனம் மறக்கவில்லை. செய்திகளில் அவர்கள் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

நான் இப்போது வேலை செய்வது கார் உதிரிப்பாகம் செய்யும் இடத்தில். அங்கேயும் ஆட்குறைப்புக் கதை அடிபடுகிறது. அறிவிப்புப் பலகையில் இதுவரை ஒன்றும் ஒட்டவில்லை, ஒட்டினாலும் பிறந்த வருடமாக இராது. என் படிவத்தை ஓப்பாதான் நிரப்பினார். எந்தப் பெட்டியும் பொருந்தாததால், ஓரத்தில் தன் கட்டை எழுத்தில், "இந்த மனிதரை இந்த நாட்டு அரசு 40 மாதம் வேலை செய்ய விடவில்லை" என்று எழுதினார். இப்படி எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டேன். ஏற்கமாட்டார்கள், ஆனால் யாராவது ஒருவர் வாசிப்பார் என்றார். ஆறு கிழமையில் பதில் வந்தது. அந்தக் காலத்தைச் சேர்க்க முடியாது என்று இரண்டு வரி.

இன்றைக்கும் காலை ஷிஃப்ட். 4.10க்கு இறங்கினேன். குசினி விளக்கு எரிந்தது. கோப்பையை உயர்த்திக் காட்டினார், "க்ளூக் ஆவுஃப்" என்று வாயசைந்தது, கிடங்குக்கு இறங்குகிறவருக்குச் சொல்லும் வாழ்த்து. கண்ணாடிக்கு வெளியே சத்தம் வரவில்லை. நான் ஆறு விரலைக் காட்டினேன், இன்னும் ஆறு வருடம். அவர் தலையை ஆட்டிவிட்டு விளக்கை அணைக்காமலே உள்ளே போனார்.